இரண்டாவது கட்டம்

அந்தக் கட்டத்துக்கு மேல பேனாவ வச்சுக்கிட்டு எம்புட்டு நேரந்தான் உக்காந்திருப்ப, தாயி? நானும் வந்ததுலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன். பேரு எழுதிட்ட, ஆதார் நம்பரப் போட்டுட்ட, எட்டாவது வரிக்கு வந்ததும் கை நின்னுருச்சு. கொண்டா இங்க. கண்ணாடி இல்லாமயே எனக்கு இந்த ஃபாரம் மனப்பாடம். எட்டு, விண்ணப்பதாரர். கீழ ஆனா, ஆவன்னான்னு ரெண்டு வரி. ஆனா, கணவரால் கைவிடப்பட்டவர். ஆவன்னா, சுயவிருப்பத்தின் பேரில் கணவரைப் பிரிந்து வாழ்பவர். ரெண்டுக்கும் நேரா ஒவ்வொரு கட்டம். அதுல ஆனா, எந்தக் காலத்துலயோ எவனோ எழுதி வச்சுட்டுப் போனது. ஆவன்னா நான் கொண்டாந்தது.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். ஒச்சம்மான்னு பேரு சொல்லி இந்தத் தாலுகா ஆபீசுல யாரை வேணா கேட்டுப் பாரு. பேரக் கேட்டதும் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருவாய்ங்க.

நான் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறேன். இப்ப பெர்மனென்ட்டு. அப்ப இல்ல. பழைய சமையக்காரம்மா ரிட்டயர் ஆனதும் ரெண்டு வருசமா நானும் பஞ்சவர்ணமும் தற்காலிகமா ஆக்கிப் போட்டுக்கிட்டு இருந்தோம். பஞ்சவர்ணம்னா, அந்தா ஜெராக்ஸ் கடை வரிசையில பச்சச் சேலையக் கட்டிக்கிட்டு நிக்கிறாள்ல, அவதான். அவ வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சுருவேன். அவ முன்னாடி சொன்னா குறுக்க குறுக்கப் பேசுவா.

ஒரு நாள் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, சமையலர் வேலைக்கு ஆள் எடுக்குறாங்க, ஒரே எடந்தான், விதவை, கணவனால் கைவிடப்பட்டவங்களுக்கு முன்னுரிம, நாப்பது வயசு தாண்டிறக் கூடாது, போயி சான்று வாங்கிட்டு வாங்கன்னாரு. எனக்கு அப்ப முப்பத்தேழு முடிஞ்சிருந்துச்சு. இந்த வேலையும் இல்லேன்னா எம் மகளப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்தி மில்லுக்குத்தான் அனுப்பணும். வேற வழி கெடையாது. அதனால மறுநாளே வி.ஏ.ஓ.கிட்டப் போயி நின்னேன்.

வி.ஏ.ஓ. ஃபாரத்த நீட்டுனாரு. கணவரால் கைவிடப்பட்டவர் சான்று கோரும் விண்ணப்பம்னு மேலேயே கொட்ட எழுத்துல போட்டிருக்கு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "சார், என்ன யாரும் கைவிடல. நான்தான் அவன விரட்டுனேன். இத அடிச்சுட்டு மாத்தி எழுதுங்க"ன்னேன். அவரு என்னமோ கிறுக்கச்சியப் பாக்குற மாதிரி பாத்துட்டு, "ஏம்மா, அது சும்மா பேருக்குத்தான். எழுத்துல என்ன இருக்கு?"ன்னாரு. "எழுத்துல ஒண்ணும் இல்லேன்னா ஒங்க பேருக்குப் பக்கத்துல, சம்சாரத்தால் கைவிடப்பட்டவர்னு போட்டுக்கங்களேன் சார்"னு சொன்னேன். அதுக்கப்புறம் அவரு எங்கூட மூஞ்சி குடுத்துப் பேசவே இல்ல. அம்புட்டு ரோசம். எழுத்துலதான் ஒண்ணும் இல்லையாமே.

நீ கேப்ப, எப்படி விரட்டுனேன்னு. எம் புருசன் பேரு மொக்கராசு. திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போறேன், ஒரு மாசத்துல வந்துர்றேன்னு போனான். அப்புறம் போன் போட்டா சுவிட்ச் ஆஃப். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கிறப்ப அவன் டிரங்குப் பெட்டியத் தூக்கித் தெருவுல எறிஞ்சேன் பாரு, சட்டை, வேட்டி, சேவிங் செட்டு எல்லாம் சாக்கடையில. "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சே, கால ஒடிப்பேன்"னு தெருவே கேக்கக் கத்துனேன். இன்னைக்கு வரைக்கும் மிதிக்கல. அவன் அப்ப திருப்பூர்ல இருந்தான்னு சொல்லுவாளுக. இருந்தா என்ன? ஆளு எதுக்க நின்னாத்தான் விரட்டுனதா அர்த்தமா?

இந்தப் பஞ்சவர்ணம் கத வேற. அவள உண்மையிலேயே விட்டுட்டுத்தான் போனான். நான் கண்ணால பாத்தேன். அவ புருசன் டி.வி.எஸ். வண்டியில மூட்டையக் கட்டிக்கிட்டுப் போறான், இவ கையில ஒட்டுன இட்லி மாவோட பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாடியே ஓடுறா. ஒரு பொம்பள அப்படியா ஓடுவா? மானம், ரோசம் ஒண்ணு கெடையாதா? அன்னைக்கு அவ மேல எனக்கு ஒரு எளக்காரம் வந்துச்சு. அது இன்னும் போகல, நான் மறைக்க மாட்டேன்.

சரி, ஃபாரத்த மாத்தணும்னு முடிவு பண்ணிட்டேன். எங்க மகளிர் குழுவுல புருசன் இல்லாம இருக்கவளுக என்னையும் சேத்துப் பத்துப் பேரு. எல்லாரையும் கூட்டிவச்சுப் பேசுனேன். எடுத்ததும் ஒருத்தி, "சான்று குடுத்தாப் போதாதாக்கா, என்ன எழுதியிருந்தா என்ன?"ன்னா. இன்னொருத்தி, போறதா இருந்தா பஸ்சுல லேடீஸ் ஃப்ரீதான, டவுனப் பாத்த மாதிரியும் ஆச்சுன்னா. இந்த மாதிரி புரட்சிக்காரிகள வச்சுக்கிட்டுத்தான் நான் அரசாங்கத்தோட மோதுனேன்.

திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு நாள். வாசல்லேயே போலீஸ். மண்ணெண்ணெய ஊத்திக்கிட்டுக் கொளுத்திக்கிறாங்கள்ல சில பேரு, அதுக்காக ஒவ்வொருத்தி பையையும் கொட்டிப் பாக்குறாய்ங்க. பஞ்சவர்ணம் பையில ஒரு பாட்டில்ல வேப்பெண்ணெய். முட்டி வலிக்குத் தடவுறதுக்கு. அந்த லேடி போலீஸ் மூணு தடவ மோந்து பாத்துட்டு, "என்ன, தீக்குளிக்க வந்தியா?"ங்குறா. வேப்பெண்ணெயில எவளாவது தீக்குளிப்பாளா? அந்த நாத்தத்துக்குப் பயந்தே தீ பிடிக்காது. பாட்டில வாங்கி வச்சுக்கிட்டுத்தான் உள்ள விட்டாளுக. கொறையக் கேக்குறதுக்கு முன்னாடி நாம சாகாம இருக்கமான்னு பாத்துக்கிறாய்ங்க, அம்புட்டு அக்கற.

வெளிய புளியமரத்தடியில ஒருத்தன் லேப்டாப்ப வச்சுக்கிட்டு மனு அடிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தான். அவன்கிட்ட அரமணி நேரம் வெவரம் சொன்னேன். கைவிடப்பட்டவர்ங்கிற வார்த்தைய எடுக்கணும், அதுக்குப் பதிலா கணவரைக் கைவிட்டவர்னு ஒரு கட்டம் சேக்கணும், இதான் கோரிக்கைன்னு. அவனும் மண்டைய மண்டைய ஆட்டிக்கிட்டு டக்கு டக்குன்னு அடிச்சு நீட்டுனான். பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டோம். படிச்சுப் பாத்தியான்னு கேக்காத. டோக்கன் கூப்பிட்டாய்ங்க, ஓடுனோம்.

உள்ள ஒரு பெரிய அதிகாரி, வாங்கிச் சத்தமாப் படிக்கிறாரு. "கணவனால் கைவிடப்பட்ட அபலைப் பெண்களாகிய நாங்கள் தங்கள் பொற்பாதம் பணிந்து சமர்ப்பிப்பது யாதெனில், எங்களைக் கைவிடப்பட்டவர்கள் என்று குறிப்பிடக் கூடாது." அந்த ஹாலே சிரிச்சுச்சு, தாயி. குடிக்கத் தண்ணி கொண்டாந்தவன் கூடச் சிரிக்கிறான். அந்த நாசமாப் போறவன் ஆயிரம் பொம்பளைக்கு அடிச்ச மனுவுல தலப்ப மாத்தாம அப்படியே அடிச்சுக் குடுத்திருக்கான். பொம்பள மனுன்னா அபலைன்னு அவன் கையே தானா அடிக்கும்போல.

அதிகாரிக்கு வேல சுளுவாப் போச்சு. "நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களேம்மா. இவங்க பத்துப் பேருக்கும் கைவிடப்பட்டவர் சான்று இந்த வாரத்துல குடுத்துருங்க"ன்னு தாசில்தாருக்கு உத்தரவு போட்டுட்டாரு. நாங்க என்ன கேட்டோம், அவரு என்ன குடுத்தாரு பாத்தியா? அந்த வார்த்த வேணாம்னு போனோம், அதையே சீல் குத்திக் குடுத்து அனுப்புறாய்ங்க.

மத்தவளுக ஒம்பது பேரும் பல்லக் காட்டிக்கிட்டு வாங்கிட்டாளுக. பஞ்சவர்ணம் மொத ஆளா வாங்கி, லேமினேசன் வேற பண்ணிட்டா. நான் என்னோடத தாலுகா ஆபீசு மேசையிலேயே வச்சுட்டு வந்துட்டேன். தாசில்தாரம்மா, "வேல வேணாமா உனக்கு?"ன்னாங்க. "வேல வேணும். இது வேணாம்"னேன். அன்னைக்கு பஸ்சுல வரும்போது மத்தவளுக தள்ளிப் போயி உக்காந்துக்கிட்டாளுக. பஞ்சவர்ணம் மட்டும் பக்கத்துல உக்காந்து, "ஏண்டி, ஒரு காகிதத்துக்காக வேலைய விடுவியா? அத நான் வாங்கிட்டுப் போயிறப் போறேன்"னா. "போயேன். ஒனக்குத்தான் சீல் குத்திட்டாய்ங்கள்ல"ன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். அவளுக்கு வலிக்கட்டும்னுதான் சொன்னேன்.

ஆனாலும் அவளுக திரும்ப வந்தாளுக, அதையும் சொல்லணும். சான்று கையில வந்ததும் அத எடுத்துக்கிட்டு எங்கெங்க போனாளுகளோ அங்கெல்லாம் ஒவ்வொருத்தன் அந்த வார்த்தைய வாய்விட்டுப் படிச்சுட்டு ஏற எறங்கப் பாக்க ஆரம்பிச்சான். பேங்குல ஒருத்தன், "ஓ, கைவிடப்பட்டவரா"ன்னு கவுண்டருக்குள்ளேர்ந்து கத்திருக்கான். அப்பத்தான் உறைச்சிருக்கு. அதுலேர்ந்து ஒவ்வொரு திங்கக்கெழமையும் பத்துப் பேரும் பத்து மனு. இந்த வாட்டி நானே கையால எழுதுனேன். ஒரு வாரத்துல போன்ல மெசேஜ் வரும், தங்கள் மனு முடிக்கப்பட்டதுன்னு. என்ன முடிச்சாய்ங்க? ஒண்ணும் முடிக்கல. அடுத்த திங்கக்கெழம மறுபடி குடுப்போம். அந்த மெசேஜுக்காகத்தான் நான் நம்பர மாத்தாமலே வச்சிருக்கேன். ஒம்பது வருசமா ஒரே நம்பரு. வேற எதுக்கும் இல்ல.

"இது எங்க கையில இல்லம்மா, மேல மாத்தணும்"னாய்ங்க. மேலன்னா எங்க? சென்னையில. சென்னைக்கு எழுதுனா, அதுக்கும் மேலன்னு பதிலு. சரி, டெல்லிக்கே எழுதிருவோம்னு எம் மகள விட்டு போன்லயே மனு போட்டேன். இந்த நாட்டுல எந்த ஃபாரத்துலயும் ஒரு பொம்பளையக் கைவிடப்பட்டவன்னு போடக்கூடாது, அவ என்ன பஸ்சுல விட்டுட்டுப் போன குடையான்னு கேட்டு எழுதுனோம். ரெண்டு மாசம் கழிச்சு பதிலு வந்துச்சு. முழுக்க ஹிந்தி. தெருவே கூடிப் பாக்குது, ஒருத்தருக்கும் தெரியல. பஸ் ஸ்டாண்டுல பானிபூரி விக்கிற வடக்கத்திப் பையன்கிட்டக் கொண்டு போனோம். அவன் பூரிக்குள்ள ரசத்த ஊத்திக்கிட்டே படிச்சுட்டு, "அக்கா, இத ஒங்க கலெக்டருக்கு அனுப்பியாச்சுன்னு எழுதிருக்கு"ன்னான்.

கலெக்டர் தாசில்தாருக்கு அனுப்ப, தாசில்தார் ஆர்.ஐ.க்கு அனுப்ப, கடைசியில யாரு கைக்கு வந்துச்சு தெரியுமா? அதே வி.ஏ.ஓ. வீடு தேடி வந்து, "ஒங்க டெல்லி மனு எங்கிட்ட விசாரணைக்கு வந்திருக்கு. என்னன்னு பதில் எழுதட்டும்?"ங்குறாரு. மூவாயிரம் கிலோமீட்டர் போயிட்டு எங்க தெரு முக்குக்குத் திரும்பி வந்துச்சு அந்தக் காகிதம். மொக்கராசுக்கு இல்லாத புத்தி அதுக்கு இருந்திருக்கு.

அப்புறம் எப்படி மாறுச்சுங்குறியா? எங்க நியாயத்துக்கு மனசு எளகி மாத்துனாய்ங்கன்னு மட்டும் நெனச்சுறாத. மாசாமாசம் கலெக்டர் மீட்டிங்குல எந்தத் தாலுகாவுலேர்ந்து எம்புட்டு மனு வருதுன்னு கணக்குப் பாப்பாய்ங்களாம். பத்துப் பேரு, வாரத்துக்குப் பத்து, வருசம் ரெண்டு. எங்க தாலுகாதான் மாவட்டத்துலயே மொத எடம். புதுசா வந்த கலெக்டர் கேட்டாராம், "அந்தப் பொம்பளைகளுக்கு என்னதான்யா வேணும்?" "ஒரு கட்டம் சார்." "ஒரு கட்டமா? போட்டுக் குடுத்துத் தொலைங்கய்யா." இத எங்கிட்டச் சொன்னது இந்த ஆபீஸ் கிளார்க்குதான். இம்புட்டுத்தான் சீர்திருத்தம். இதுவும் இந்த மாவட்டத்துக்கு மட்டுந்தான். டெல்லி இன்னும் அப்படியேதான் இருக்கு.

அதுலயும் பாரு, கைவிட்டவர்னு போட மாட்டேன்னுட்டாய்ங்க. அது மரியாதையா இல்லையாம். ஆம்பள கைவிட்டா மரியாதக் கொறச்சல் இல்ல, நம்ம கைவிட்டா ஃபாரத்துக்கே அசிங்கம் வந்துருது. சுயவிருப்பத்தின் பேரில்னு நீட்டி மொழக்கி என்னமோ எழுதியிருக்காய்ங்க. ரெண்டு கட்டத்துக்கும் முன்னுரிம ஒண்ணுதான், போகட்டும்னு விட்டேன். அதோட நிறுத்துனாய்ங்களா? ஆவன்னாவுல டிக் அடிச்சா ரெண்டு சாட்சி வேணுமாம், தெருவுல வந்து விசாரிப்பாய்ங்களாம். ஆனாவுக்குச் சாட்சி கெடையாது. கைவிடப்பட்டேன்னு அழுதா ஒடனே நம்புவாய்ங்க. நான் விட்டேன்னு நிமுந்து சொன்னா ஆதாரம் கேப்பாய்ங்க.

எனக்கு அப்ப முப்பத்தொம்பது முடிஞ்சு பத்து மாசம். ரெண்டு வருசமாத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த அந்த வேலைக்கு மனுப் போட ஒரு வாரந்தான் பாக்கி. ஆர்.ஐ., வி.ஏ.ஓ., தலையாரி மூணு பேரும் எங்க தெருவுல சின்டெக்ஸ் டேங்குக்கிட்ட வந்து நிக்கிறாய்ங்க. ஆர்.ஐ. நோட்ட விரிச்சு வச்சுக்கிட்டு, "இந்தம்மா புருசன் தானாப் போனானா, இவங்க அனுப்புனாங்களா? பாத்தவங்க யாரு?"ன்னு கேக்குறாரு.

ரெண்டு வருசமா எங்கூடக் கையெழுத்துப் போட்டவளுக எட்டுப் பேரும் கொடத்த வச்சுக்கிட்டுத் தண்ணி பிடிக்கிற மாதிரி நிக்கிறாளுக. அன்னைக்குத் தண்ணியே வரல. ஒருத்தி கொடத்துக்குள்ள எட்டிப் பாக்குறா. இவளுகளுக்காகவா நான் டெல்லி வரைக்கும் எழுதுனேன்? வி.ஏ.ஓ. மெல்ல எங்கிட்ட வந்து, "இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகலம்மா, ஆனாவுலயே டிக் அடிச்சுருங்க, இப்பவே கையெழுத்துப் போட்டுர்றேன்"ங்குறாரு. ஃபாரம் என் கையில. ஒன்ன மாதிரிதான் பேனாவத் தூக்கிக்கிட்டு நின்னேன்.

அப்பத்தான் பஞ்சவர்ணம் கூட்டத்த வெலக்கிக்கிட்டு வந்தா. பள்ளிக்கூடத்துலேர்ந்து நேரா வந்திருக்கா, முந்தானையில மஞ்சத்தூளு. "நான் பாத்தேன் சார்"னா. "அந்தாளு குடிச்சுப்புட்டு வந்தான். இவ வெளக்கமாத்த எடுத்து வெளுத்தா பாருங்க, தெருமுக்கு வரைக்கும் ஓட ஓட வெரட்டுனா. அவன் இந்தா இந்த டேங்குக்கிட்ட இவ கால்ல விழுந்து அழுதான் சார், ஒச்சம்மா என்ன விட்டுறாதன்னு. இவ மனசு எளகல. நாந்தான் அவன எந்திரிக்கச் சொல்லி பஸ் ஏத்திவிட்டேன்."

ஆர்.ஐ. மளமளன்னு எழுதுறாரு. அந்த டேங்கு வச்சே அப்ப மூணு வருசந்தான், மொக்கராசு போயி அதுக்கும் மேல. அதக் கூட யோசிக்காமப் பேசுறா, கூறு கெட்டவ. நல்லவேள, ஆர்.ஐ. வெளியூரு. ரெண்டாவது சாட்சி எங்கன்னு கேட்டதும், இஸ்திரி போடுற அண்ணன் கையப் பிடிச்சு இழுத்தாந்து, "நீயும் அப்ப அங்கதானண்ணே இருந்த?"ன்னா. அந்த மனுசன் என் மூஞ்சியப் பாத்தாரு, இவ மூஞ்சியப் பாத்தாரு, "ஆமா சார், ரொம்ப அழுதான்"னாரு. எட்டுப் பேரும் கொடத்தக் கீழ வச்சுட்டு ஆமா ஆமாங்குறாளுக. தைரியம் வர்ற நேரத்தப் பாரேன்.

நானும் தலைய ஆட்டுனேன். ஏன் ஆட்டக் கூடாது? நடந்தது என்னமோ அதுதான. வெளக்கமாறு மட்டும் இல்ல, அம்புட்டுத்தான்.

அந்தச் சான்றுலதான் எனக்கு வேல கெடச்சுச்சு. ஒரே எடம், சீனியாரிட்டில நான் மொத. நான் சான்று இல்லாம நின்னிருந்தா அது நேரா பஞ்சவர்ணத்துக்குப் போயிருக்கும். வாயப் பொத்திக்கிட்டு இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தாப் போதும், அவ சமையலரு. இப்ப என்ன? எனக்குக் கீழ உதவியாளு, நான் சொல்ற அளவுக்கு வெங்காயம் உரிக்கிறா. "ஏண்டி அப்படிச் செஞ்ச?"ன்னு ஒரு நாள் கேட்டுட்டேன். முட்டைய உரிச்சுக்கிட்டே, "எனக்கு உப்புக் கை கெடையாதுடி, பிள்ளைக திங்காது"ன்னா. பொழைக்கத் தெரியாதவ. நெனச்சாலே எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும். சில நாளு கொழம்பு கொதிக்கிறப்ப அவ மொகத்தப் பாக்க முடியாம வெளிய வந்து நின்னுக்குவேன்.

இன்னைக்கு எதுக்கு வந்திருக்கம்னு கேளு. அவ அந்த லேமினேசன் பண்ணுன சான்றக் குடுத்துட்டு, ஆவன்னா வாங்கப் போறாளாம். இதனால அவளுக்குப் பத்து பைசா பிரயோசனம் இல்ல, நாப்பதும் தாண்டியாச்சு. "எதுக்குடி?"ன்னா, "ஃபைல்ல அப்படியே கெடக்குல்ல"ங்குறா. பன்னெண்டு வருசம் கழிச்சு ரோசம் வந்திருக்கு மகராசிக்கு. சாட்சி நான். என்ன சொல்லுவேனா? நான் கண்ணால பாத்ததச் சொல்லுவேன். டி.வி.எஸ். வண்டியில மூட்டையக் கட்டி வச்சு, வெளிய போடான்னு அவதான் தள்ளிவிட்டா. போய்த் தொலைஞ்சானான்னு பாக்குறதுக்குத்தான் பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாடியே போனா. கையில மாவு ஒட்டியிருந்துச்சு, அதக் கூடக் கழுவல, அம்புட்டுக் கோவம்.

அந்தா வந்துட்டா. ஏண்டி, ஒரு ஜெராக்ஸ் எடுக்க ஒரு மணி நேரமா? இரு, இந்தப் பிள்ள ஒண்ணு இங்க முழிச்சுக்கிட்டு இருக்கு.

அழாத, தாயி. ஃபாரம் நனைஞ்சுரும், புதுசுக்கு மறுபடி வரிசையில நிக்கணும். அவன் எப்படிப் போனான், என்ன சொல்லிட்டுப் போனான், எதுவும் எனக்கு வேணாம். நீ எந்தக் கட்டத்துல டிக் அடிக்கணும்னு நெனக்கிறியோ அதுல அடி. ஆவன்னான்னா சாட்சிக்கு ஆளு இல்லேன்னுதான யோசிக்கிற? ஒங்க வீடு எந்த ஊரு, எந்தத் தெருன்னு மட்டும் சொல்லு. ரெண்டு பேரு வேணும்னு போட்டிருக்கு. நாங்க ரெண்டு பேரு இருக்கோம்ல.